நாலாம் நம்பர் மீட்டர்

படிக்கட்டுக்கு அடியில் நாலு மீட்டர்.
"எலக்ட்ரிக்கல் படிக்கிற பொண்ணுதானே,
மாசம் ஒண்ணாந்தேதி ரீடிங்கை நீயே எழுதிடு,
வாடகையில் நூறு ரூபா கழிச்சுக்கலாம்"
என்றார் தணிகாசலம்.
"ஒண்ணு, ரெண்டு, மூணு போதும்.
நாலு பூட்டிக் கிடக்கு."

மஞ்சக்குப்பத்தில் நான் மூன்றாம் நம்பர்.
ஊர் மந்தாரக்குப்பம், வந்துபோகும் தூரம்தான்.
அண்ணனுக்குக் கல்யாணமானதும்
வீட்டின் ஒரே அறைக்குத் தாழ்ப்பாள் வந்தது,
எனக்கு ஒரு பெட்ஷீட்டும் இந்த முகவரியும் வந்தன.
அப்பா சுரங்கத்தில் ஒப்பந்தக் கூலி.
அவர் அள்ளும் பழுப்பு நிலக்கரிதான்
எங்கோ எரிந்து, கம்பி வழியே நடந்து வந்து
இந்த மீட்டரில் சிவப்பாய்ச் சிமிட்டுகிறது என்று
வகுப்பில் சொன்னபோது சிரித்தார்கள்.

ஒரு யூனிட்டுக்கு மூவாயிரத்து இருநூறு சிமிட்டல்.
பெட்டியின் மேலேயே அச்சடித்திருக்கும்.
முதல் மாதம் மூன்றையும் எழுதி முடித்து
டார்ச்சை அணைத்த பிறகுதான் பார்த்தேன்,
நாலு சிமிட்டியது.

லீக்கேஜாக இருக்கும் என்று மாடியேறினேன்.
பாதியில் நின்றேன்.
இறங்கி வந்து போனில் ஸ்டாப்வாட்ச் வைத்தேன்.
பதினைந்து நொடி. சிமிட்டல்.
பதினைந்து நொடி. சிமிட்டல்.
நோட்டின் கடைசிப் பக்கத்தில் வகுத்துப் பார்த்தால்
எழுபத்தைந்து வாட்.
எழுபத்தைந்து வாட் என்றால்
ஒரு சீலிங் ஃபேன்.

பூட்டிய அறையில் யாருக்குக் காற்று?

அதன் பிறகு எல்லாமே கண்ணில் பட்டது.
அவர் சம்சாரம் மகள் பிரசவத்துக்கென்று
சிதம்பரம் போய் நாலு மாதம்.
காலையில் அவர் கையில் இட்லிப் பொட்டலம் இரண்டு.
சிப்காட் பக்கமிருந்து காற்று திரும்பி
மருந்து நாற்றம் அடிக்கும் இரவுகளில்
தெருவே ஜன்னலைச் சாத்தும்.
நாலாம் நம்பர் ஜன்னலுக்கு
வெளியிலிருந்தே தகரம் அடித்திருந்தது.
இரண்டாம் நம்பர் பெனாசிர் அக்காவிடம் சொன்னேன்.
"இந்த வாடகைக்கு வேற ரூம் கிடைக்காது,
பேசாம படி."

துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றிய அன்று
அவர் நெல்லிக்குப்பம் போயிருந்தார்.
மழை பிடித்துக்கொண்டது.
நாலாம் நம்பர் மெயின் சுவிட்சை
இறக்கினேன், ஏற்றினேன்.
மூன்று தடவை.
மேலே ஒரு சத்தமும் இல்லை.
ஸ்டாப்வாட்ச்.
பதினைந்து. சிமிட்டல்.
பதினைந்து. சிமிட்டல்.
பதினைந்து.
இருபது.
முப்பது. நாற்பது.
யாரோ உள்ளே ஃபேனை நிறுத்தியிருந்தார்கள்.
ஒரு நிமிஷம் கழித்து ஒரே ஒரு சிமிட்டல்.
மறுபடி இருட்டு. மறுபடி சிமிட்டல்.
மூன்று தடவை.

நூற்று எண்பத்தொன்றில் ஒரு பெண் குரல்.
"நேர்ல பாத்தீங்களாம்மா?"
இல்லை.
"அழுகைச் சத்தம் ஏதாவது?"
இல்லை. கணக்குப் போட்டேன்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு, "முகவரியைச் சொல்லுங்க" என்றாள்.
நடுவில் அம்மாவின் அழைப்பு.
சாப்பிட்டாயா என்று கேட்கத்தான்.
எடுக்கவில்லை.

கேட் கிறீச்சிட்டது.
மழைக்கோட்டோடு வண்டியை ஸ்டாண்ட் போட்டுவிட்டு
படிக்கட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தார்.
"ரீடிங்கா எழுதுற?"
"ஆமா சார்."
"இன்னிக்குத் தேதி பன்னண்டுதானே?"

போனைத் துப்பட்டாவுக்குள் செருகினேன்.
அந்தப் பெண் இன்னும் லைனில் இருந்தாள்.
அவர் கையிலிருந்த பொட்டலத்திலிருந்து
நீர் சொட்டியது.
என் முதுகுக்குப் பின்னால் நாலாம் நம்பர்.
பதினொன்று.
பன்னிரண்டு.
பதின்மூன்று.